பெட்டி இல்லாத புதையல்

புதையல் என்றால் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? தொடர்கதைகளில் வருமே, பாழடைந்த மண்டபம், சுரங்க வழி, துருப்பிடித்த இரும்புப் பெட்டி! எனக்கும் அதுதான் நினைவு வந்தது. அதனால்தான், "பாட்டி, நாளைக்குப் புதையல் தேடப் போகிறோம், நீயும் வா" என்று பதினோரு வயதுப் பேரன் கூப்பிட்டபோது, முழங்கால் வலியையும் மறந்து, "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

இது நடந்தது அமெரிக்காவில், அரிஸோனா மாநிலத்தில். பெண்ணும் மாப்பிள்ளையும் விடுமுறைக்கு என்னைக் கிராண்ட் கான்யன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பூங்கா என்றவுடன் ரோஜாச் செடியும் ஊஞ்சலும் என்று நினைத்துவிடாதீர்கள். கொலராடோ நதி அறுத்துக்கொண்டு போன மகா பள்ளத்தாக்கு அது. நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். விளிம்பில் நின்று பார்த்தால், சில இடங்களில் மட்டும் அந்த நதி கண்ணுக்குத் தட்டுப்படுகிறது. அதுவும் யாரோ அவிழ்த்துப் போட்ட தலை ரிப்பன் மாதிரி!

புதையல் சமாசாரத்துக்கு வருகிறேன். ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் ஊருக்குச் சொல்லிவிடுவார். வானத்தில் சுற்றுகிற செயற்கைச் சந்திரன்கள் வழி காட்ட, மற்றவர்கள் தேடிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். முன்பெல்லாம் பொது ஜனங்களுக்குக் கிடைத்த அந்த வழிகாட்டலை அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே கொஞ்சம் மங்கலாக்கி வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அந்தத் தடையை நீக்கினார்கள். மறுநாளே ஆரெகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டுக் காட்டோரம் ஒளித்து வைத்தார். அன்று பிடித்த பைத்தியம் இன்று உலகம் பூராவும் பரவியிருக்கிறது.

"அப்படியானால் இங்கே பெட்டி எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இங்கே பெட்டியே கிடையாது, பாட்டி!" என்றான் பேரன்.

எனக்கு உப்புச் சப்பில்லாமல் போய்விட்டது. பெட்டி இல்லாமல் என்ன புதையல்?

காரணம் இருக்கிறது. டப்பாவை ஒளிக்கிறேன் பேர்வழி என்று ஒருவர் கல்லைப் புரட்டுவார். தேடுகிறேன் என்று பத்துப் பேர் செடியை மிதிப்பார்கள். தேசியப் பூங்காக்களுக்கு இது ஒத்து வருமா? அதனால் 2004-ல் அமெரிக்க நிலவியல் சங்கத்தின் ஆதரவில் எர்த்கேஷ் என்ற புது வகை பிறந்தது. முதலாவது எர்த்கேஷ் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையிலுள்ள மர்ரமராங் தேசியப் பூங்காவில் அமைந்தது. இதில் ஒளிப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. இடத்தை ஏற்படுத்துகிறவர், நிலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். தேடி வருகிறவர் அங்கே நின்று கல்லையும் மண்ணையும் உற்றுப் பார்த்து, கேட்டிருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் புதையல்!

"பரீட்சை என்று சொல்லேன்" என்றேன். ஆனாலும் கிளம்பினேன்.

முதல் கேள்வி: எதிரே தெரியும் அடுக்குகளில் செங்குத்தாக நிற்பவை எவை, சரிந்து கிடப்பவை எவை? ஏன்?

பேரன் செல்போனைப் பார்த்தான். நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். அரை மணி நேரம் பார்த்த பிறகு விளங்கியது. கெட்டியான சுண்ணாம்புக் கல்லும் மணற்கல்லும் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. மிருதுவான களிமண் பாறைகள் மழைக்கும் காற்றுக்கும் கரைந்து சரிந்துவிட்டன. நடுவில் ஒரு பெரிய சிவப்புச் சுவர். ரெட்வால் என்றே அதற்குப் பெயர். உண்மையில் அந்தக் கல் சாம்பல் நிறமாம்! மேலே உள்ள அடுக்குகளின் இரும்புத் துரு மழை நீரோடு வழிந்து அதற்குச் சாயம் ஏற்றிவிட்டது. சாயம் போகிற சிவப்புப் புடவையோடு வேஷ்டியைச் சேர்த்து நனைத்துவிட்டு நாம் விழித்திருக்கிறோமே, அதே கதைதான்.

இரண்டாவது கேள்வி, காலப் பாதையைப் பற்றியது. 2010-ல் திறந்த பாதை அது. யாவபாய் நிலவியல் காட்சிசாலையிலிருந்து விளிம்பை ஒட்டிப் போகிறது. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு பின்னால் போனதாகக் கணக்கு. தரையில் வெண்கல வில்லைகள் பதித்திருக்கிறார்கள். ஓரத்தில், பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்த பாறைகளை அதனதன் வயசுக்குரிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். நம் சங்க காலப் புலவர்கள் இந்தப் பாதையில் இரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறார்கள். என்னுடைய அறுபத்துச் சொச்சம் வயசு, ஒரு தலைமயிரின் பருமன்! இதற்குள்ளேதான் எத்தனை மனஸ்தாபம், எத்தனை சம்பந்தி சண்டை!

டைனோஸர்கள் அழிந்தது 66-வது மீட்டரில். "பள்ளத்தாக்கிலே டைனோஸர் எலும்பு இருக்குமா?" என்றான் பேரன். கிடையாது. நாங்கள் நின்றிருந்த உச்சிப் பாறையே 270-வது மீட்டருக்கு உரியது. டைனோஸர் பிறப்பதற்கு முந்தியது. கைபாப் சுண்ணாம்புக் கல் என்று பெயர். 27 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. இன்று கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. பேரன் அதில் ஒரு சிப்பியின் அச்சைக் கண்டுபிடித்துக் குதித்தான்.

அடியாழத்தில் கிடக்கிற பாறையின் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். விஷ்ணு ஷிஸ்ட்! கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியல் அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குள்ள சிகரங்களுக்கு விஷ்ணு என்றெல்லாம் பெயர் சூட்டினார். அந்தச் சிகரத்தின் பெயர் பாறைக்கும் வந்தது. வயசு சுமார் 175 கோடி. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று, காக்காப்பொன் மினுமினுக்க இருந்தது.

சில இடங்களில் அந்த விஷ்ணு பாறைக்கு நேர் மேலே 50 கோடி வயசுள்ள மணற்கல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் 120 கோடி ஆண்டுக் கணக்கைக் காணோம்! அந்தக் காலத்தில் படிந்திருக்கக் கூடியதெல்லாம் தேய்ந்து கரைந்து போய்விட்டது. தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைக்கிறோம். நடுவில் பல வாரங்கள் தொலைந்து போயிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இனிமேல் சொல்லப் போவதைச் சொல்லலாமா, வேண்டாமா என்று யோசித்தேன். உங்களிடம் மறைப்பானேன்?

என் வீட்டுக்காரர் பூகோள வாத்தியாராக இருந்தவர். வருஷா வருஷம் இந்தப் பள்ளத்தாக்கைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவார். "ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்" என்பார். பார்க்காமலே போய்விட்டார். சாயங்காலம் விளிம்போரம் உட்கார்ந்திருந்தபோது காலடியில் ஒரு சின்னக் கல் கிடந்தது. அவர் படத்துக்கு முன்னால் வைக்கலாம் என்று தோன்றியது. யாரும் பார்க்கவில்லை. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இங்கே ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்பது சட்டம். காலையில்தான் என் பெண் பையனிடம் சொல்லியிருந்தாள். அந்தச் சிப்பிக் கல்லை ஆசை ஆசையாகத் தடவிவிட்டு, அவன் சமர்த்தாக விட்டுவிட்டு வந்திருந்தான்.

"முடிச்சிலே என்ன, பாட்டி?" என்று கேட்டான்.

"சில்லறை" என்றேன்.

அவன் நம்பிவிட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. வருஷத்துக்கு நாற்பது லட்சம் பேருக்கு மேல் வருகிற இடம். ஆளுக்கு ஒரு கல் என்றால் நாற்பது லட்சம் கல்! ஒவ்வொருவருக்கும் என்னைப் போல ஒரு நியாயம் இருக்கத்தானே செய்யும்?

விடியற்காலையில் பேரனை எழுப்பினேன். இரண்டு பேரும் போய், எடுத்த இடத்திலேயே கல்லை வைத்தோம். அவனிடம் உள்ளதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "தாத்தாவுக்கா?" என்றான்.

"ஆமாம்."

நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். நாங்கள் எழுதி அனுப்பிய பதில்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் திரும்ப எழுதினான். இங்கிலீஷும் கொச்சைத் தமிழுமாகக் கோணல் எழுத்து. மூலையில் அந்தச் சிப்பியின் படம். மடித்து என் கையில் கொடுத்து, "இது எடுக்கலாம், பாட்டி" என்றான்.

உங்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அந்தத் தேசத்தில் இருக்கலாம். போனால் நீங்களும் இதை விளையாடிப் பாருங்கள். சில யோசனைகள்: கேள்விகளை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பூங்காவுக்குள் செல்போன் எல்லா இடத்திலும் பேசாது. 7,000 அடி உயரத்தில் மூச்சு வாங்கும், நிதானமாக நடங்கள். தண்ணீர் நிறைய வேண்டும். விளிம்பில் எல்லா இடத்திலும் கம்பி வேலி கிடையாது. குழந்தைகளின் கையை விடாதீர்கள். பதிலை வேறு யாரிடமும் கேட்டு எழுதாதீர்கள். பார்த்து எழுதுகிற பதிலில்தான் சுகம் இருக்கிறது.

அந்தத் தாள் இப்போது அவர் படத்துக்கு முன்னால் இருக்கிறது. வாத்தியார் அல்லவா? தப்பு இருந்தால் திருத்தட்டும்.