வாசல் தொட்டியில் இட்லிப்பூ

"வாசலில் இரண்டு தொட்டி வைக்கத்தான் இடம். எப்போதும் பூக்கிற, அடக்கமான செடி வேண்டும். செவ்வரளி வைக்கலாமா? வீட்டில் தவழுகிற குழந்தை இருக்கிறது" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

அரளி வேண்டவே வேண்டாம் அம்மா. இலை, பூ, காய், வேர் அத்தனையும் விஷம். மஞ்சள் அரளிக் கொட்டை அதைவிட மோசம். கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடுகிற வயசு! தப்பித் தவறி ஏதாவது செடியைக் கடித்துவிட்டால், தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல், அந்தச் செடியின் கிளை ஒன்றையும் ஒடித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

உங்களுக்கு ஏற்றது குட்டை இட்லிப்பூ. நர்சரியில் 'மினி இக்ஸோரா' என்று கேளுங்கள். இரண்டு, மூன்று அடிக்கு மேல் போகாது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ் என்று நிறங்கள் உண்டு. வாசனை கிடையாது, அதுதான் ஒரு குறை. பழைய இலக்கியத்தில் வருகிற வெட்சி இந்த இனம்தான். சின்ன வயசில் காம்பை உருவித் தேன் உறிஞ்சாதவர் யார்?

பன்னிரண்டு அங்குலத் தொட்டி போதும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம அளவு. அரை நாளாவது வெயில் படவேண்டும். நிழலில் வைத்தால் இலை தளதளவென்று இருக்கும், பூ மட்டும் வராது.

பலர் வீட்டில் இந்தச் செடி கெடுவது தண்ணீராலும் சுண்ணாம்பாலும்தான். இதற்குப் புளிப்புத் தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். உப்புக் கிணற்றுத் தண்ணீர், அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்பு இவையெல்லாம் சேர்ந்தால் மண்ணில் இருக்கிற இரும்புச் சத்தைச் செடியால் இழுக்க முடியாது. இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். சோகை பிடித்த பெண்ணைப் போலத்தான்! சாம்பலை நிறுத்துங்கள். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து, சாயங்காலமாக இலையில் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. தரையில் சிந்தினால் துருக்கறை போகாது. மிச்ச உப்பைக் குழந்தைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், அதுவும் வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

புதுத் தளிரின் நுனியில்தான் பூ வரும். ஆகவே கொத்து வாடியதும் இரண்டு இலைக்கு மேலாகக் கத்தரித்துவிடுங்கள், பக்கத்தில் கிளை வெடிக்கும். ஆசைப்பட்டு மாதாமாதம் 'கிராப்' வெட்டினால் மொட்டும் சேர்ந்து போய்விடும்.

செடியில் எறும்பு ஊர்ந்தால் இலைக்கு அடியில் பாருங்கள், மாவுப்பூச்சி இருக்கும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து, பிறகு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்பு நீரில் கலந்து தெளித்தால் போதும்.

மழைக்காலத்தில் நான்கு அங்குலக் குச்சி நட்டால் வேர் பிடிக்கும். அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், ஒன்றரை மாதம்கூட ஆகலாம்.

அடுத்த இதழில் கனகாம்பரம்.