ஜாடிக்கும் ஒரு பாத்தி



பூ என்றால் நமக்குத் தொடுத்த பூதான். முழம் போட்டு வாங்கி, தலையில் சூடி, சாமிக்குச் சாத்தி, மறுநாள் காலையில் எடுத்துப் போட்டுவிடுவோம். தோட்டம் வைத்திருப்பவர்கள்கூட மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் தரும் இடத்தில் கால்வாசியை ஜாடிப் பூவுக்குத் தருவதில்லை. கூடத்து மேசையில் பிளாஸ்டிக் ரோஜாதான். பொங்கலுக்குப் பொங்கல் அதற்குச் சோப்பு நீரில் ஒரு குளியல். வீட்டைச் சுற்றிப் பத்தடி மண்ணோ மாடியில் நாலு தொட்டியோ இருப்பவர்களுக்கு இந்தக் கதி வேண்டாம் என்பது இந்த ஆடி இதழில் என் கட்சி. அதிலும், வருஷா வருஷம் விதை தேட வைக்காமல், ஒருமுறை நட்டால் நிலைத்து நிற்கிற செடிகளையே சொல்லப் போகிறேன்.

முதலில் சம்பங்கி. மாலைக்கு உதிரியாக விற்கும் ஒற்றைச் சம்பங்கி எல்லோருக்கும் தெரியும். ஜாடிக்கு அடுக்குச் சம்பங்கி. மெக்சிகோவிலிருந்து வந்த செடி, ஆனாலும் நம் வெயிலில் வேற்றுமை பாராட்டுவதில்லை. இப்போது கிழங்கை ஊன்றினால் மூன்று மாதம் போலக் கதிர் விடத் தொடங்கும். அதே பாத்தியில் மூன்று ஆண்டுகள் பூக்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் கிழங்கு அழுகிவிடும். கதிரின் அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததுமே வெட்டிவிடுங்கள். மீதி மொட்டுகள் ஜாடியில் கீழிருந்து மேலாக விரியும். இருட்டிய பிறகுதான் இதன் வாசனை தூக்கும், இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்காகச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. தலைவலிக்காரர்கள் படுக்கையறையில் வைக்க வேண்டாம்.

ஈரம் காயாத, அரைநிழல் விழும் மூலை இருந்தால் ஹெலிகோனியா. வாழைக்கும் இஞ்சிக்கும் உறவு, குணமும் அப்படியே. ஒரு தண்டு ஒரே முறை பூக்கும், பக்கத்தில் கன்று வந்துகொண்டே இருக்கும். பூத்த தண்டை அடியோடு வெட்டினால் கன்றுக்கு வெளிச்சம் கிடைக்கும். சம்பங்கியைப் போல இதை மொட்டில் வெட்டக் கூடாது. வெட்டிய பிறகு மேற்கொண்டு விரியாது. எத்தனை மடல் திறந்திருக்க வேண்டுமோ அத்தனையும் செடியிலேயே திறக்கட்டும்.

பூ எதுவானாலும் வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை அழுகி நாறும். தினம் தண்ணீரை மாற்றி, தண்டின் நுனியைச் சிறிது நறுக்குங்கள். பழக்கூடைக்குப் பக்கத்தில் ஜாடியை வைக்காதீர்கள். பழுக்கும் மாம்பழமும் வாழையும் விடுகிற எத்திலீன் வாயு பல பூக்களைச் சீக்கிரம் வாட்டிவிடும்.

இனி உலர்த்துகிற பூ. இங்கே சம்பங்கி உதவாது. நீர் நிறைந்த தடித்த இதழ், காய்ந்தால் பழுப்பேறிச் சுருண்டுவிடும். வாடாமல்லி அப்படியில்லை, ஏனென்றால் அதில் நாம் பார்க்கும் கத்திரிப்பூ நிறம் இதழே அல்ல. பூவைச் சுற்றிய, தாள் போன்ற செதில்கள். நீர் மிகக் குறைவு. நிஜப் பூக்கள் அந்தச் செதில்களுக்கிடையே எட்டிப் பார்க்கும் பொடிகள். காகிதப்பூவிலும் அதே கதைதான், நடுவில் இருக்கும் வெள்ளைக் குழல்தான் பூ. வாடாமல்லி கணக்குப்படி ஓராண்டுச் செடி. ஆனால் விதை உதிர்த்துத் தானே முளைத்துக்கொள்வதால் இந்தப் பட்டியலில் கள்ளத்தனமாகச் சேர்த்துக்கொள்கிறேன். மஞ்சள் கொத்துக்கு, வேரிலிருந்து பக்கக்கன்று விட்டுப் பெருகும் கோல்டன் ராட். அதைப் பாதி விரிந்தபோதே அறுத்துவிட வேண்டும், முற்றினால் பஞ்சு பறக்கும். கதிர் முற்றிய துளசியையும் விட்டுவிடாதீர்கள். நிறம் போனாலும் உருவம் அழகு.

இலைகளை உருவி, சிறு சிறு கொத்தாகத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கட்ட நூல் வேண்டாம். தண்டு காய்ந்து சுருங்கும்போது முடிச்சு தளர்ந்து கொத்து நழுவும். ரப்பர் பேண்ட் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். வெயில் நிறத்தைத் தின்றுவிடும் என்பதால் காற்றோட்டமான இருட்டறைதான் சரி. அடுக்களை ஆவி ஆகாது. இரண்டு மூன்று வாரத்தில் தண்டு சட்டென்று ஒடியும், அதுதான் பதம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையில் இறங்கினால் பூஞ்சணம்தான் மிஞ்சும். தை பிறக்கட்டும். மழை குறைந்து வெயில் கூடிய தூத்துக்குடி, பக்கத்திலேயே துறைமுகமும் இருப்பதால், உலர்பூ ஏற்றுமதிக்குப் பேர் பெற்றிருப்பது காரணமில்லாமல் இல்லை. அங்கிருந்து கப்பலேறுவதில் பூக்கள் மட்டுமில்லை, காய்ந்த தாமரைக் காயும் உண்டு. தென்னம்பாளையையும் நாணல் கதிரையும் நீங்களும் ஜாடியில் சேர்த்துப் பாருங்கள்.

'காய்ந்த பூவை வீட்டில் வைக்கலாமா?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். சாமி படத்தில் நேற்றைய மாலை கூடாது, அது சரி. பூஜை அறைக்குள் இதைக் கொண்டுபோக வேண்டாம். ஆனால் கூடத்து அலமாரிக்கு அந்த விதியை நீட்ட நான் சம்மதியேன். வேண்டுமானால் இன்னொரு விதி வைத்துக்கொள்ளலாம்: போகியன்று பழைய கொத்துக்கு விடை கொடுத்துவிட வேண்டும். தூசி படிந்து வருஷக்கணக்கில் நிற்கும் உலர்பூவுக்கு அந்தப் பிளாஸ்டிக் ரோஜாவே மேல்.

அடுக்குச் சம்பங்கிக் கிழங்கு வாங்கும்போது விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழப்பு தெரிந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்