தார்க்குச்சியைக் கீழே போடுவோம்



தாராபுரம் பக்கம் ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் விடிவதற்கு முன்பே சனம் களத்தில் கூடிவிடும். 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரிவுகள். தெற்குச் சீமையில் போல வண்டிகள் சாலையில் முட்டிமோதிக்கொண்டு மைல் கணக்கில் ஓடுவதில்லை. இங்கே ஒவ்வொரு வண்டியாக விட்டு நொடிக்கணக்கில் நேரம் பார்ப்பார்கள். காங்கயம் காளையின் அழகை முழுசாகப் பார்க்க அந்தச் சில நொடிகள் போதும்.

போன முறை எல்லைக்கோட்டைத் தாண்டி, வண்டிகள் வந்து நிற்கும் இடத்தில் நின்றிருந்தேன். ஒரு மயிலைக் காளையின் பின்தொடையில் புள்ளி புள்ளியாக ரத்தம். ஓட்டிவந்த தம்பி அதைத் துண்டால் துடைத்துவிட்டு, காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார். அந்தப் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆணி வைத்த தார்க்குச்சியும் அதே கையில்தான் இருந்தது.

வண்டி மாட்டை முள்குச்சியால் குத்தக் கூடாது என்று மத்திய அரசின் 1965-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது என்பதும் அவற்றில் இருக்கிறது. சித்திரை மாதத்துத் தாராபுரத்தை நினைத்துப் பாருங்கள்.

2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே தடுத்தது. ஜல்லிக்கட்டை அனுமதிக்க 2017-இல் நாம் போராடிப் பெற்ற திருத்தச் சட்டம், 2023-இல் அதே நீதிமன்றத்தில் நிலைத்தது. ஆனால் ஜல்லிக்கட்டுக்கு அது தரும் வரையறையில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகிய பெயர்கள்தான் உள்ளன. ரேக்ளாவின் பெயர் இல்லை. ஜல்லிக்கட்டுக்கு மருத்துவப் பரிசோதனை முதற்கொண்டு விதிகள் எழுதியாகிவிட்டது. நம் காளைகளுக்கும் அப்படித் தனி விதிகள் வேண்டும்.

நாமே திருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, வெளிநாட்டு நாய்ப் பந்தயத்தில் நடந்ததையும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் கிரேஹவுண்ட் நாய்களுக்கு உயிருள்ள பிராணிகளை இரையாகக் காட்டிப் பழக்கியது 2015-இல் தொலைக்காட்சியில் அம்பலமானது. நியூ சவுத் வேல்ஸ் அரசு மறு ஆண்டு தடையை அறிவித்து, சில மாதங்களில் பின்வாங்கி, தனிக் கண்காணிப்பு ஆணையம் அமைத்தது. நியூசிலாந்தில் எத்தனையோ முறை எச்சரித்தும் நாய்கள் காயப்படுவது குறையவில்லை. 2024 டிசம்பரில் அந்த அரசு பந்தயத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. ரேக்ளாவுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பாரு பல் பார்க்காமல் எந்தக் காளையையும் நுகத்தில் வைத்ததில்லை. பால்பல் விழாத கன்றைப் பூட்டுகிறவரை வாசலிலேயே நிறுத்தித் திட்டுவார். ஓட்டம் ஓய்ந்த காளையும் எங்கள் கொறங்காட்டில் கடைசிவரை கொழுக்கட்டைப்புல் மேய்ந்துதான் செத்தது. இன்றைக்கு ஓய்ந்த காளை அடிமாடாகச் சந்தைக்குப் போகிறது. பரிசாகத் தங்கக் காசு கொடுக்கிற விழாக் குழுவினர், அதில் ஒரு பங்கை ஓய்ந்த காளைகளின் தீவனத்துக்கு ஒதுக்கக் கூடாதா?

பந்தயம் நடத்தும் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாமுங்க. கால்நடை மருத்துவர் வந்து நின்ற பிறகே முதல் வண்டியை விடுங்கள். கையில் தார்க்குச்சி இருந்தால் அந்த ஜோடியை வெளியே அனுப்புங்கள்.

வரும் தைக்குள் உங்கள் ஊரில் யாராவது இதைச் செய்தால் எங்களுக்கு எழுதுங்கள். அந்தக் காளைகளின் படத்தை அட்டையில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்