படைமுகாம் வீட்டுப் பிள்ளையும் நம் தமிழ்ப்பள்ளியும்



தேசிய சேவைப் பயிற்சித் திட்டம் 2025-ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்பெற்றபோது எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. 2004-இல் தொடங்கி 2018-இல் கைவிடப்பட்ட பழைய திட்டம் மூன்று மாதப் பயிற்சி. இப்போதையது 45 நாள். அதிலும் பெரும்பகுதி அடிப்படை இராணுவப் பயிற்சி. "நல்லதுதான், பிள்ளைகள் காலையில் எழவாவது கற்றுக்கொள்வார்கள்" என்றேன் நான். என்னைப் பழமைவாதி என்று இளைய ஆசிரியர்கள் சிலர் சொல்வதுண்டு. நான் அதை மறுப்பதில்லை. பெரியவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், உரிமையைக் கேட்கும் முன் கடமையைச் செய்திருக்க வேண்டும், சீருடை அணிந்தவரை மதிக்க வேண்டும் என்றெல்லாம் இன்னமும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருப்பவள் நான்.

ஆனால் அன்றைய பேச்சில் எனக்கு உறுத்திய ஒன்று உண்டு. "இராணுவத்தில் நம்மவர்களை எங்கே சேர்க்கிறார்கள்?" என்று ஆவேசமாகக் கேட்ட அதே நண்பர், பத்து நிமிடம் கழித்து, "என் மகனை மட்டும் நான் அனுப்பமாட்டேன், அவன் நன்றாகப் படிக்கிறான்" என்றார். இரண்டையும் ஒரே வாய் சொல்லிற்று. அவருக்கு அதில் முரண் தெரியவில்லை. எனக்கும் உடனே தெரியவில்லை என்பதுதான் உண்மை; வீட்டிற்கு வந்து துணி மடிக்கும்போதுதான் தோன்றியது.

நம் சமூகத்தில் பட்டாளம் என்றால் படிப்பு வராதவன் போகுமிடம். மேடையேறினால் வேறு பேச்சு. ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறார் என்று பெருமை பேசுவோம். வள்ளுவர் படைமாட்சி, படைச்செருக்கு என்று இரண்டு அதிகாரங்களே வைத்தார் என்போம். அவ்வளவு தொலைவு கூடப் போக வேண்டாம். 1943-இல் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் இந்த மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். பால்வாளி தூக்கிய கைகள் துப்பாக்கியைத் தூக்கின. அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் ஆகிய நாம்தான் "நமக்கு எதற்கு அந்த வேலை" என்கிறோம்.

பெற்றோரின் அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. 2017-இல் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி மாணவர் ஒருவர் சக மாணவர்களின் சித்திரவதைக்கு ஆளாகி உயிரிழந்தார். 2018-இல் லுமுட் கடற்படைத் தளத்தில் பயிற்சியில் இருந்த நம்மின இளைஞர் ஒருவர் இறந்தார். அவர் குடும்பம் பதில் கேட்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறியது. இவற்றைப் பற்றிப் பேசுவது நாட்டுப்பற்று இல்லாத செயல் என்று எவரேனும் சொன்னால் அவரோடு நான் உடன்படமாட்டேன். கட்டொழுங்கை மதிப்பவர்கள்தாம் இதை மற்றவரினும் உரக்கக் கேட்க வேண்டும். பிள்ளையை ஒப்படைக்கும் தாய்க்குக் கணக்குச் சொல்லாத அமைப்பில் கட்டொழுங்கு எங்கே இருக்கிறது?

இருக்கட்டும். நான் எழுத வந்தது வேறு. படையில் சேர்வது பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவரின் மனைவியும் பிள்ளையும் எப்படி வாழ்கிறார்கள் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தந்தை தரைப்படையில் கார்ப்பரல். அருகிலிருந்த முகாமின் குடும்பக் குடியிருப்பில் வீடு. அந்த வரிசையில் தமிழ்க் குடும்பம் அவர்களுடையது ஒன்றுதான் என்று தாயார் சொல்லியிருக்கிறார். இருந்தும் பையனைத் தமிழ்ப்பள்ளிக்கே அனுப்பினார்கள். பள்ளி வேன் முகாமுக்குள் போகாது. தாயார் நாள்தோறும் வாயிற்காவல் வரை நடந்து வந்து ஏற்றிவிடுவார். சட்டையில் மடிப்புக் கலையாது. காலணி பளபளக்கும்; அது தந்தையின் கைவேலை என்று பார்த்தவுடனே தெரியும்.

ஓராண்டு முடிவில் தந்தைக்குக் கூச்சிங்கிற்கு மாற்றல் வந்தது. தாயார் என்னைப் பார்க்க வந்தார். "டீச்சர், நாங்களும் அவர் கூடவே போயிடலாமா, இல்ல இங்கயே இருக்கட்டுமா? அங்க தமிழ்ப்பள்ளி இல்லன்னு சொல்றாங்க" என்று கேட்டார்.

சரவாக்கில் தமிழ்ப்பள்ளி இல்லை. சபாவிலும் இல்லை. தீபகற்பத்திலேயே திரங்கானுவில் இல்லை. கிளந்தானில் ஒன்றே ஒன்று. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்கிறோமே, அவை இருப்பவை அன்று தோட்டங்கள் இருந்த இடங்களில். இராணுவமோ எல்லை இருக்கும் இடத்தில் இருக்கிறது.

நான் யோசிக்கவே இல்லை. "இங்கேயே இருங்கள் அம்மா. பையன் தமிழில் நன்றாக வருகிறான். இரண்டு, மூன்று ஆண்டுதானே, ஓடிவிடும்" என்றேன். மொழிப்பற்றினால் சொன்னேன் என்றுதான் அன்று நினைத்தேன். இன்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வதானால், மாணவர் எண்ணிக்கையும் என் மனத்தில் இருந்தது. எங்களைப் போன்ற சிறிய பள்ளிகளில் பணியாற்றுவோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளை குறைந்தால் தலைமையாசிரியரின் முகம் எப்படி வாடும் என்பது நமக்குத் தெரியும்.

அந்த அம்மா என் சொல்லைக் கேட்டார். தந்தை இடம் மாறியதால் முகாம் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பட்டணத்தில் வாடகைக்கு ஒரு மாடிவீடு எடுத்தார்கள். வாடகை ஒருபுறம், விமானச் சீட்டு ஒருபுறம். தந்தை ஓராண்டில் மூன்று முறை வந்து போனார். வேலையை விட்டுவிடலாமா என்று கூட ஒரு கட்டத்தில் அவர் யோசித்தாராம். ஆனால் சிப்பாய்களுக்கு 21 ஆண்டு சேவை நிறைந்தால்தான் மாத ஓய்வூதியம். அவருக்கு 14 முடிந்திருந்தது. இடையில் இறங்கினால் அந்தப் பதினான்குக்கும் மாத ஓய்வூதியம் என்று ஒரு காசு வராது. அப்படி இறங்கிவிட்டு இன்று பாதுகாவலர் வேலை பார்க்கும் முன்னாள் வீரர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

பையன் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. பாடங்களில் மதிப்பெண்ணும் குறையவில்லை. அதனால் நான் எதையும் கவனிக்கவில்லை. நான்காம் ஆண்டில் 'என் தந்தை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். அவன் எழுதிய தந்தை நாள்தோறும் காலையில் மகிழுந்தில் அலுவலகம் செல்கிறார். மாலையில் பழங்கள் வாங்கி வருகிறார். இரவில் கதை சொல்லித் தூங்க வைக்கிறார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. நல்ல மதிப்பெண் போட்டு, 'சிறப்பு' என்று எழுதி, நட்சத்திர ஒட்டியும் ஒட்டிக் கொடுத்தேன்.

அந்தக் கட்டுரை பயிற்றி நூலில் இருந்த மாதிரிக் கட்டுரை என்று இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. வரிக்கு வரி மனப்பாடம். அவனைக் கூப்பிட்டு, "உன் அப்பாவைப் பற்றி எழுதலாமே" என்றேன். "அப்பா வீட்டில என்ன செய்வாருன்னு தெரியல டீச்சர்" என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு வாய்பாட்டை மறந்துவிட்டவன் சொல்வதுபோல் சொன்னான்.

அன்று மாலை தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். என் யோசனை தவறு, குடும்பத்தோடு போய்ச் சேருங்கள் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதை நீங்க சொல்லணும்னுதான் டீச்சர் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். என் பேச்சைத் தட்டக்கூடாது என்று அவர் அத்தனை மாதங்கள் தனியே இருந்திருக்கிறார். ஆசிரியர் சொல்லுக்கு இன்னமும் இப்படி மதிப்புக் கொடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்த மதிப்பை எதற்குப் பயன்படுத்தினேன் என்று நினைக்கையில் வெட்கமாக இருந்தது.

ஆண்டிறுதியில் அவர்கள் போனார்கள். எங்கள் பதிவேட்டில் ஒரு பெயர் குறைந்தது.

தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு என்பதில் நான் இன்றும் அசையவில்லை. ஆனால் மொழி நிற்பதற்குக் கீழே ஒரு குடும்பம் வேண்டும். தந்தையும் தாயும் ஒரு கூரையின்கீழ் இருக்க வழியிருந்தும், தமிழின் பெயரால் அவர்களைப் பிரித்து வைப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டன்று. மரபை மதிக்கிறேன் என்று சொல்லிக்கொள்பவர்களுக்குக் குடும்பத்தைவிடப் பழைய மரபு எது?

படைவீரர்களின் மனைவிமாருக்குப் பிரிவு வேறு வகைகளிலும் வருகிறது. லெபனானில் ஐ.நா. அமைதிகாக்கும் படையில் 2007 முதல் மலேசிய வீரர்கள் பணியாற்றி வந்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் சைடோன் நகரருகே நடந்த தாக்குதலில் நம் வீரர்கள் சிலர் காயமடைந்த செய்தி வந்த அன்று, பெயர்கள் தெரியும்வரை எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது! அந்தப் படையின் பணியை 2026 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொள்ளப் பாதுகாப்பு மன்றம் 2025 ஆகஸ்டில் முடிவு செய்தது. அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை மறுநாள் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து உட்கார்ந்தால் நாம் என்ன செய்வோம்? முதலில் நம் மாணவர்களில் எந்தப் பிள்ளையின் தந்தை அல்லது தாய் படையில் இருக்கிறார் என்பதாவது நமக்குத் தெரியுமா? பதிவுப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் 'அரசாங்க ஊழியர்' என்று இருக்கும். அதைத் தாண்டி நாம் கேட்பதில்லை.

ஆண்டுதோறும் சூலை 31-இல் வீரர்கள் தினம் வருகிறது. 1960-இல் அவசரகாலம் முடிவுக்கு வந்த நாள் அது. சபைகூடலில் ஓர் உரை நிகழ்த்தி, ஓர் ஓவியப் போட்டி வைத்து முடித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் தாயாருக்கு அன்று ஒரு வணக்கம் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

இனித் தமிழ் விசயம். தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. நல்ல விதிதான். கூச்சிங்கில் ஒரு முகாமுக்கு அருகிலுள்ள பள்ளியில் 15 தமிழ்ப் பிள்ளைகளுக்கு எங்கே போவது? ஒன்றோ இரண்டோதான் இருப்பார்கள். சட்டம் அவர்களைத் தொடாது. நாம்தான் தொட வேண்டும்.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது கணினித் திரை வழியாக மாதக்கணக்கில் பாடம் நடத்தினோம் அல்லவா? வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்ட அந்த வித்தையை இதற்குப் பயன்படுத்தலாம். அந்தப் பையன் போன இரண்டாம் மாதம் முதல் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒரு மணிநேரம் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கட்டணம் கிடையாது, பதிவேடும் கிடையாது. சில வாரம் இணையம் அறுந்துபோகும். சில வாரம் எனக்கே களைப்பாக இருக்கும். வீட்டில் முணுமுணுப்பும் உண்டு. பாதிப் பாடத்தில் அவன் தந்தை காற்சட்டையோடு பின்னால் நடந்து போவார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு நேராக நின்று வணக்கம் சொல்வார். ஒருமுறை அவரும் உட்கார்ந்து சொல்வதெழுதுதல் எழுதினார். மகன் திருத்தினான். தந்தைக்கு ஆறு பிழை.

நான் ஒருத்தி ஒரு பிள்ளைக்குச் செய்தது இது. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுவும் என் தவற்றுக்கு ஈடாகச் செய்தது. தைப்பிங், போர்ட்டிக்சன், குளுவாங், கெமாஸ், லுமுட், பட்டர்வொர்த் என்று முகாம்களுக்கும் தளங்களுக்கும் அருகே தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் நண்பர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். உங்கள் வகுப்பில் படைவீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். மாற்றலாகிப் போனவர்கள் இருந்தால் அவர்களின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுங்கள். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் இதை ஒரு தீர்மானமாக முன்வைக்கப் போகிறேன். "நம் பள்ளியில் இல்லாத பிள்ளைக்கு நாம் ஏன்?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். யார் கேட்பார் என்பதுகூட எனக்குத் தெரியும். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.