தென்னை மூட்டில் ஊற்றிய கூழ்

கள்ளுக்கடை வாசலில் போய் நின்றேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பினால் அதற்கப்புறம் என்னோடு பேச மாட்டார்கள்! ஆனால் நின்றது நிஜம். அதுவும் உள்ளூரில் அல்ல, கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில்.

இந்தப் பகுதியில் வழக்கமாக நம்ம நாஞ்சில் நாட்டுச் சமையலைப் பற்றித்தான் எழுதுவேன். இந்தத் தடவை ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய் வந்த கதையும், அங்கே குடித்த கூழின் பக்குவமும்.

1990-ம் வருஷம். எனக்குப் பதினொரு வயது. இலங்கையில் மறுபடியும் சண்டை மூண்ட சமயம். படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்துவிட்டு, ஒரு குடும்பம் சுசீந்திரம் பக்கம் எங்கள் தெருவில் வாடகைக்கு வந்தது. அந்த வீட்டுப் பெண் என் வகுப்பு, என் பெஞ்சு. "தண்ணி விடாய்க்குது" என்பாள், நான் சிரிப்பேன். "வெள்ளம் கோரப் போணும்" என்பேன், அவள் சிரிப்பாள். பத்தாம் வகுப்பு வரை ஒட்டிக்கொண்டே திரிந்தோம்.

ஒரு நாள் அவள் அம்மா ஒரு சட்டி நிறையக் கூழ் கொடுத்தனுப்பினாள். பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சியது. அகதியாக வந்த இடத்தில், இருந்த காசுக்கு மீன் வாங்கிச் செய்த கூழ். என் அம்மா அதைத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டாள். வெறும் சட்டியைக் கழுவிக் கொண்டு திரும்பினால், வேலிக்கு அந்தப் பக்கம் என் சிநேகிதி நிற்கிறாள்! அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அப்பா குடிப்பார். முதலில் கள்ளு. 1987 ஜனவரியில் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தபோது, 'இனி தப்பிச்சோம்' என்று அம்மா சாமிக்கு விளக்குப் போட்டாளாம். அப்பா பாட்டில் சரக்குக்கு மாறினார், அவ்வளவுதான். 1998-ல் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். கருப்பட்டிக் காப்பியைத் தவிர பனை சம்பந்தப்பட்ட எதுவும் அம்மாவுக்கு ஆகாது. "பனை மூட்டுலேருந்து வந்தது ஒண்ணும் இந்த நடையைத் தாண்டப்படாது" என்பாள். நானும் அதே வைராக்கியத்தில் வளர்ந்தவள்தான்.

சண்டை ஓய்ந்து, 2013-ல் சிநேகிதி குடும்பத்தோடு சொந்த ஊருக்கே திரும்பிப் போனாள். பருத்தித்துறைப் பக்கம். "வாடி, வாடி" என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக் கொண்டிருந்தாள். போன வருஷம் மே மாத லீவில் இவரும் நானும் கிளம்பிவிட்டோம். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ராத்திரி முழுக்க ரயில், சென்னையிலிருந்து பலாலிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம். கன்னியாகுமரிக் கடலுக்கு எதிரே கிடக்கிற நாட்டுக்கு வடக்கே போய்ச் சுற்றி வரவேண்டியிருக்கிறது, பாருங்கள்!

முதல் நாள் காலை பாலப்பம். நடுவில் பஞ்சு, ஓரத்தில் மொறுமொறு. மூன்று சாப்பிட்டுவிட்டு, நாலாவதுக்குக் கை நீட்டிக்கொண்டே, "மாவு எப்படிட்டி இப்படிப் பொங்குது? ஈஸ்ட்டா?" என்று கேட்டேன்.

"ஈஸ்ட் இல்லையடி. மாவுக்குள்ள கள்ளு விட்டனான்" என்றாள் சாவகாசமாக.

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. "பயப்பிடாதை, வெறிக்காது" என்று அவள் சிரிக்க, இவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க... யோசித்துப் பார்த்தால் நம்ம பாட்டிமார் காலத்தில் ஆப்பமாவுக்குக் கள்ளுதானே விட்டார்கள்! மாவில் பொங்கி, சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிப் போகிற சமாசாரம். நாலாவது ஆப்பத்தையும் சாப்பிட்டேன் என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் அப்பத்துக்குக் கள்ளு வாங்கத்தான் சாயந்திரம் ஆட்டோவில் போனோம். அங்கே கள்ளுக்கடைக்குப் பெயர் 'தவறணை'. 'டேவர்ன்' என்ற ஐரோப்பியச் சொல்தான் தமிழ் வாயில் இப்படி ஆகியிருக்கிறது. மரமேறுகிறவர்கள் இறக்குகிற கள்ளைப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வாங்கித் தவறணைகளில் விற்கின்றன. சட்டப்படியான வியாபாரம். அவள் வீட்டுக்கார அண்ணனும் இவரும் உள்ளே போனார்கள். நாங்கள் இருவரும் வாசலோடு சரி.

"நாங்கள் உள்ளுக்குப் போகேலாது" என்றாள். தவறணைக்குள் வைத்துப் பெண்களுக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று 1979-ல் விதி போட்டிருக்கிறார்கள். 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த உத்தரவைத் திரும்பப் பெறச் செய்துவிட்டார். கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எனக்குத் தடை போட எந்த சர்க்காரும் வேண்டாமே!

வாசலில் ஒரு அம்மாள் அவித்த கடலையும் பொரித்த மீனும் வைத்திருந்தாள். உள்ளே வேலை முடிந்து வந்தவர்கள் உட்கார்ந்து பேசுகிற சத்தம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கால் மணி நேரத்தில் ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இதையா நான் இத்தனை வருஷம் பேயாக நினைத்துக் கொண்டிருந்தேன் என்று தோன்றிற்று.

என் மனசு ஓடுவது அவளுக்குத் தெரிந்துவிட்டது போல. "எல்லாம் நல்லதெண்டு நினைக்காதை. குடிச்சுக் குடும்பம் அழிஞ்ச வீடு இஞ்சையும் இருக்கு" என்றாள்.

சகோதரிகளே, இதை நானும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர், அதாவது நம்ம ஊர் அக்கானி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே நீர் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளில் சாராயச் சத்து நாலைந்து சதவீதம்தான், பிராந்தியில் ஏறக்குறைய 43 சதவீதம் என்பது உண்மைதான். ஆனாலும் குடியில் 'இவ்வளவு வரை ஆபத்தில்லை' என்கிற அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்பாவைப் பார்த்த எனக்கு அதை யாரும் சொல்ல வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. கள்ளின் மேல் இருந்த கோபத்தில் கிழங்கையும், மாவையும், அதைக் காய்ச்சிக் கொடுத்த மனுஷியையும் சேர்த்துத் தள்ளிவிட்டோமே, அதுதான் தப்பு.

மூன்றாம் நாள் முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். சிநேகிதியின் அம்மாவுக்கு எண்பது வயது. பலகையில் உட்கார்ந்தபடியே அதிகாரம்! ஒடியல் கூழ். பச்சைப் பனங்கிழங்கைக் கீறி உலர்த்தினால் ஒடியல், அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாதான் கூழுக்கு.

ஆறு பேருக்குக் கால் கிலோ ஒடியல் மா. இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால்தான் கசப்பு போகும். இதில் சோம்பல் கூடாது. பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி (நம்ம மரச்சீனிக் கிழங்கு) துண்டுகள். அவை முக்கால் பதம் வெந்ததும் மீன், நண்டு, இறால். பத்துப் பன்னிரண்டு வற்றல் மிளகாயை மஞ்சளோடு அரைத்து, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, ஊறிய மாவையும் அதில் கலந்து பானையில் ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். மாவு வெந்து குழம்பு மாதிரி தடிக்கும்போது முருங்கைக் கீரையும் உப்பும் போட்டு இறக்கலாம். சைவக்காரர்கள் மீனுக்குப் பதில் காய்களையும் கீரையையும் கூட்டிக் கொள்ளலாம்.

பனையோலையை மடித்துக் குழித்த 'பிளா'வில் ஊற்றிக் கொடுத்தார்கள். நாம் அக்கானி குடிக்கிற பட்டை மாதிரியேதான். கூடவே கடிக்கத் தேங்காய்ச் சொட்டு. காரமும் புளிப்பும் நண்டு வாசமுமாக... முதல் பிளா முடியும்போது மூக்கில் நீர், கண்ணில் நீர். காரத்தினால் மட்டும் இல்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் நெஞ்சில் கிடந்ததை அப்போதே சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னைக்கு நீங்க கொடுத்தனுப்பின கூழை எங்க வீட்டுல தென்னை மூட்டுல ஊத்தினாங்க. நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கிழவி அகப்பையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "தெரியும் பிள்ளை. அவள் அண்டைக்கே வந்து சொன்னவள்" என்றாள். பிறகு என் பிளாவில் இன்னொரு அகப்பை ஊற்றிக்கொண்டே, "அதுக்கென்ன? தென்னைக்குத்தானே ஊத்தினனீங்கள். அந்த வருசம் நல்லாக் காய்ச்சிருக்குமே!" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது யாழ்ப்பாணத்தில் பனை அபிவிருத்திச் சபையின் 'கற்பகம்' கடையில் ஒடியல் மா இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். வீட்டில் கூழ் காய்ச்சியபோது அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. யார் வீட்டுக் கூழ், எந்தக் கிழங்கு மாவு என்று சொல்லித்தான் டம்ளரைக் கொடுத்தேன். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் ஒரு வாய் குடித்து, "புளி கூடிப்போச்சு" என்றாள். டம்ளரை மட்டும் கீழே வைக்கவில்லை.

மாவு கிடைக்காதவர்கள் தை மாதம் வரை பொறுத்திருங்கள். பொங்கலுக்குச் சந்தையில் கட்டுக் கட்டாகப் பனங்கிழங்கு வரும்போது, அவிப்பதற்கு முன் பத்துக் கிழங்கை எடுத்து வையுங்கள். தோலுரித்து, நெடுக்காகக் கீறி, ஒடித்தால் 'டக்'கென்று ஒடிகிற வரை வெயிலில் காயவைத்து, மில்லில் திரித்துச் சலித்துக் கொள்ளுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது ஒரு சட்டி கொடுத்தனுப்பினாலோ, ஊற்றுவதற்கு முன்னால் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.