வரிசையில் முந்த என்ன விலை?

2024 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் தங்கள் அணிக்கு வந்து சேர்ந்த விதத்தில் ஏணிவைத்தாலும் எட்டாத வித்தியாசம். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸை எடுப்பதற்காக அந்த அணி 2017-ல் 27-வது இடத்திலிருந்து 10-வது இடத்துக்குத் தாவியது. அதற்குத் தனி விலையும் கொடுத்தது. சான்பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸின் பிராக் பர்டியோ 2022-ல் தேர்வான 262 பேரில் 262-வது ஆள். கடைசியாகத் தேர்வாகிறவரை 'மிஸ்டர் இர்ரெலவன்ட்', அதாவது பொருட்படுத்தத் தேவையில்லாத ஆசாமி என்று கேலியாகக் கூப்பிடுவது அங்கே வழக்கம்.

பர்டி நின்ற இடத்தில் வேறொருவர் நின்றிருக்க வேண்டும். 2021 மார்ச்சில், டிராஃப்டுக்கு ஒரு மாதம் முன்பே, ஃபார்ட்டிநைனர்ஸ் மயாமி அணியுடன் பேரம் பேசி 12-வது இடத்திலிருந்து 3-வது இடத்துக்கு வந்தது. கொடுத்த விலை: கையிலிருந்த 12-வது இடம், 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகள், போதாததற்கு மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்று. இவ்வளவும் ட்ரே லான்ஸ் என்ற இளைஞருக்காக. கோவிட் காரணமாக முந்தைய ஆண்டு கல்லூரி அணிக்காக ஒரே ஓர் ஆட்டம்தான் ஆடியிருந்தார் லான்ஸ். சான்பிரான்சிஸ்கோவில் நான்கு ஆட்டங்களைத் தொடங்கினார்; கணுக்காலை உடைத்துக்கொண்டார்; 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டல்லஸிடம் கைமாறினார். ஆறு மாதம் கழித்து, இலவச இணைப்பு மாதிரி வந்த பர்டி அணியை இறுதி ஆட்டத்துக்கு இழுத்துச் சென்றார். அங்கே மஹோம்ஸிடம் 25-22 என்று தோற்றார்.

எப்போது முந்துவது, எப்போது சும்மா இருப்பது? அமெரிக்கக் கால்பந்து அணிகளைத் தூங்கவிடாத கேள்வி இது. விசித்திர ஏற்பாடு ஒன்றிலிருந்து கிளம்பும் கேள்வி. ஃபிலடெல்பியா அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல், பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து 1935-ல் ஒரு யோசனை சொன்னார். கல்லூரி முடிக்கும் வீரர்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கட்டும். போன ஆண்டில் மட்டமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 1936-ல் முதல் டிராஃப்ட் நடந்தது. (அதில் முதலாவதாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் இந்தத் தொழிலே வேண்டாம் என்று போய்விட்டார். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.) இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள்.

ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது வேறு உலகம். ஏலத்தில் பணம் பேசும். டிராஃப்டில் வரிசை பேசும். இந்தியாவிலும் இந்த முறை எட்டிப் பார்த்ததுண்டு. 2015 டிசம்பரில் இரண்டு புதிய அணிகளுக்கு வீரர்களைப் பிரித்துக் கொடுத்தபோது புனே முதல் வாய்ப்பில் தோனியை எடுத்தது. அதற்கும் முன்பு, 2008-ல், 19 வயதுக்கு உட்பட்டோருக்கான தேர்வில் உள்ளூர்ப் பையன் விராட் கோலி இருக்கும்போதே டெல்லி, பிரதீப் சங்வானைத் தேர்ந்தெடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். முதல் வாய்ப்பு கையில் இருப்பது வேறு, அதை வைத்துச் சரியான ஆளைப் பிடிப்பது வேறு என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கூடுதல் சங்கதி, அந்த இடத்தையே விற்கலாம், வாங்கலாம் என்பது. இந்த ஆண்டு இடம் மட்டுமல்ல, வரப்போகும் ஆண்டுகளின் இடங்களையும் அடகு வைக்கலாம். ரயில் டிக்கெட் கியூவில் நிற்பவர், முன்னால் நிற்பவரிடம், "உங்கள் இடத்தைக் கொடுங்கள். அடுத்த மாதம் என் இடத்தையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பது போல.

அப்படிக் கேட்க ஒரு விலைப்பட்டியல் வேண்டுமே? அதைத் தந்தது டல்லஸ் கௌபாய்ஸ். 1989-ல் ஹெர்ஷல் வாக்கர் என்ற நட்சத்திரத்தை மினசோட்டாவுக்குக் கொடுத்ததில் டல்லஸிடம் டிராஃப்ட் வாய்ப்புகள் மலையாகக் குவிந்தன. பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் சந்தைக் கடை போல அவற்றை வாங்கியும் விற்றும் வந்தார். பேரம் பேசும்போது தடுமாறாமல் இருக்க, உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸின் எண்ணெய்த் தொழில் கூட்டாளியான மைக் மெக்காய், பழைய பேரங்களை ஆராய்ந்து 1991-ல் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். முதல் இடத்துக்கு 3000 புள்ளி. இரண்டாவதற்கு 2600. நான்காவதற்கு 1800. பத்தாவதற்கு 1300. நாற்பதாவதற்கு 500. ஆக, பத்தாவது இடத்தில் இருப்பவர் நாற்பதாவது இடத்தையும் சேர்த்துக் கொடுத்தால் நான்காவது இடம் அவருக்கு. கணக்கு நேர். டல்லஸின் உதவியாளர்கள் மற்ற அணிகளுக்கு வேலைக்குப் போனபோது அட்டவணையும் கூடவே போனது. சில ஆண்டுகளில் எல்லா அணிகளின் மேசையிலும் அதுவோ அதன் நகலோ இருந்தது.

இதில் ஒரு கோளாறு உண்டு. அணிகள் அதுவரை என்ன விலை கொடுத்தன என்பதைத்தான் அட்டவணை சொன்னது. அந்த விலைக்குச் சரக்கு பெறுமா என்பதைச் சொல்லவே இல்லை. ஊரே ஒரு பொருளுக்கு அதிக விலை கொடுத்துக்கொண்டிருந்தால் சராசரி விலையும் அதிக விலைதான்.

இந்த இடத்தில்தான் பொருளாதாரப் பேராசிரியர்கள் நுழைந்தார்கள். கேட் மாஸியும், பின்னர் 2017-ல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் 1990களிலிருந்து நடந்த டிராஃப்டுகளை எடுத்து அலசினார்கள். 2005-ல் சுற்றுக்கு வந்து 2013-ல் முறையாக வெளியான அந்த ஆய்வுக்கு 'தோற்றவரின் சாபம்' என்று தலைப்பு. ஒரே நிலையில் ஆடும் இரண்டு பேரில் முன்னால் தேர்வானவர், அவருக்கு அடுத்துத் தேர்வானவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு எவ்வளவு? 52 சதவீதம். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 வரும். அந்த மிச்ச இரண்டுக்காகத்தான் அணிகள் எதிர்காலத்தை விற்றுக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு வாய்ப்பை இந்த ஆண்டே அனுபவிக்க அவை கொடுத்த விலையை வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 136 சதவீதம் வந்தது. கந்துவட்டிக்காரர்கூடக் கூச்சப்படுவார்.

வாஷிங்டன் அணி இவர்களைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டது என்பதும், கேட்டுவிட்டு நேர் எதிராக நடந்துகொண்டது என்பதும் தேலர் தம் நூலில் சொல்லும் கதை. அதே வாஷிங்டன் 2012-ல் ஆறாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு வர, செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு அந்த ஆண்டின் இரண்டாம் சுற்று வாய்ப்பையும் அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும் தூக்கிக் கொடுத்தது. வந்தவர் ராபர்ட் கிரிஃபின். முதல் ஆண்டில் பிரமாதம். சிறந்த புதுமுகம் என்ற விருது. 2013 ஜனவரியில் முழங்கால் போனது. பழைய கிரிஃபின் திரும்பவே இல்லை. 2014 டிசம்பரில் இரு அணிகளும் மோதியபோது ராம்ஸ் பயிற்சியாளர் ஒரு குறும்பு செய்தார். நாணயம் சுண்டும் நேரத்தில் அணித் தலைவர்களாக ஆறு பேரை மைதானத்தின் நடுவுக்கு அனுப்பினார். ஆறு பேரும் அந்தப் பேரத்தில் கிடைத்த வாய்ப்புகளால் வந்தவர்கள். ராம்ஸ் 24-0 என்று ஜெயித்தது.

இத்தனைக்குப் பிறகும் ஏன் தாவுகிறார்கள்?

பதில் ஒரே சொல்லில் அடங்கும்: குவார்ட்டர்பேக். ஒவ்வொரு தாக்குதலிலும் பந்தை வாங்கி, இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர். இவர் சரியில்லை என்றால் மற்ற 52 பேர் எப்படி ஆடினாலும் பெரிய பலனில்லை. எதற்கும் விலையைக் கணக்குப் பார்க்கும் அணிகள்கூட இந்த ஒரு இடத்துக்கு வரும்போது கணக்கை மடித்துப் பையில் வைத்துவிடும். அதில் நியாயமும் உண்டு. காரணம் சம்பளம். 2010-ல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 5 கோடி உத்தரவாதம். மறு ஆண்டே வீரர் சங்கத்துடன் புதிய உடன்பாடு வந்து புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு போட்டது. 2011-ல் முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடிதான். ஒவ்வொரு அணியும் மொத்தச் சம்பளத்தில் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. 2024-ல் அது 25.54 கோடி டாலர். நல்ல குவார்ட்டர்பேக் மலிவு விலையில் நான்கு ஆண்டு கிடைத்தால் மிச்சப் பணத்தில் அணியையே கட்டலாம். முதல் சுற்றில் வந்தவர் என்றால் ஐந்தாவது ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. 2018-ல் பால்டிமோர், முதல் சுற்றின் கடைசி இடமான 32-வது இடத்துக்கு மெனக்கெட்டு ஏறி வந்து லமார் ஜாக்சனை எடுத்தது. இரண்டாம் சுற்றில் எடுத்திருந்தால் இந்த ஐந்தாவது ஆண்டு உரிமை கிடைத்திருக்காது. ஜாக்சன் 2019-லும் 2023-லும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

மற்றபடி, விஷயம் தெரிந்த அணிகள் வீரர்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்துவதோடு நிற்பதில்லை. கிட்டத்தட்ட ஒரே தரம் உள்ளவர்களைக் கும்பல் கும்பலாகப் பிரித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு கும்பலில் நான்கு பேர் மிச்சம், தங்கள் முறை வர இன்னும் மூன்று இடம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். எப்படியும் ஒருவர் கிடைப்பார். ஒரே ஒருவர்தான் மிச்சம், அவருக்கு அடுத்தவர் பல படி கீழே என்றால் தொலைபேசியை எடுக்க வேண்டியதுதான். முதல் சுற்றில் யோசிக்க 2024-ல் ஒவ்வொரு அணிக்கும் கிடைத்தது 10 நிமிடம். பேரம், சம்மதம், அறிவிப்பு எல்லாம் அதற்குள். அதனால் யார் யாரிடம் என்ன கேட்பது என்பதைப் பல நாள் முன்பே ஒத்திகை பார்த்து வைத்திருப்பார்கள்.

போட்டியாளர் எங்கே நிற்கிறார் என்று தெரிவதும் பாதி வெற்றி. 2017-ல் சீஃப்ஸ் ஏன் 10-வது இடத்தைக் குறிவைத்தது? 11-வது இடத்தில் நியூ ஆர்லியன்ஸ் இருந்தது. மஹோம்ஸ் மீது தங்களுக்குக் கண் இருந்ததை அதன் பயிற்சியாளர் ஷான் பேட்டன் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். சீஃப்ஸ் பஃபலோவுக்குக் கொடுத்தது 27-வது இடம், 91-வது இடம், 2018-ன் முதல் சுற்று வாய்ப்பு. டல்லஸ் அட்டவணைப்படி முதல் இரண்டும் சேர்ந்து 816 புள்ளி. பாக்கி 484-க்கு ஈடாகத்தான் 2018 வாய்ப்பு போனது. அது கடைசியில் 780 புள்ளி பெறும் 22-வது இடமாக அமைந்தது. காகிதத்தில் பார்த்தால் சீஃப்ஸ் ஏமாந்த அணி. அதே டிராஃப்டில் சிகாகோ, மூன்றிலிருந்து இரண்டுக்கு, அதாவது ஒரே ஒரு படி ஏற, மூன்று வாய்ப்புகளைக் கொடுத்தது. இரண்டாவது இடத்தில் இருந்த ஃபார்ட்டிநைனர்ஸ் முதல் சுற்றில் குவார்ட்டர்பேக்கை எடுக்கவே இல்லை. இறங்கி வந்து ஒரு தற்காப்பு ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டது. வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்ற பயத்துக்குத்தான் சிகாகோ விலை கொடுத்தது. எடுத்தது மிட்செல் டிரபிஸ்கியை. மஹோம்ஸ் அப்போது கேட்பாரற்று இருந்தார்.

குவார்ட்டர்பேக் அல்லாதவருக்காகத் தாவுவது இன்னும் சிக்கல். 2011-ல் அட்லாண்டா 27-லிருந்து 6-க்கு ஏறி ஹூலியோ ஜோன்ஸை எடுத்தது. கொடுத்தது ஐந்து வாய்ப்புகள். ஜோன்ஸ் தம் காலத்தின் தலைசிறந்த ரிசீவர்களில் ஒருவரானார். ஆட்டக்காரரைப் பொறுத்தவரை கணிப்பில் பிழையே இல்லை. 2017 பிப்ரவரியில் அணி சூப்பர் பௌல் வரை வந்தது. 28-3 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தில் தோற்றது.

அட்டவணையில் ஏறாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. முடிவெடுப்பவரின் வேலை. மூன்று ஆண்டுக்குப் பிந்தைய வாய்ப்பு அணியின் சொத்து. ஆனால் இந்த ஆண்டு ஜெயிக்காவிட்டால் மூன்று ஆண்டு கழித்து அந்த நாற்காலியில் இருக்கப்போவது வேறு ஆள். அவருக்காக ஏன் சேமிக்க வேண்டும்? நியூ ஆர்லியன்ஸின் மைக் டிட்கா 1999-ல் அந்த ஆண்டு வாய்ப்புகள் அத்தனையையும், அடுத்த ஆண்டின் முதல், மூன்றாம் சுற்று வாய்ப்புகளையும் ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஆளுக்காக விட்டார். இருவரும் மணமகன், மணமகள் வேடத்தில் பத்திரிகை அட்டைக்கு போஸ் கொடுத்தார்கள். கவுன் போட்டவர் வில்லியம்ஸ். அணி 16 ஆட்டங்களில் மூன்றில்தான் ஜெயித்தது. டிட்காவுக்குக் கல்தா.

2023-ல் கரோலைனா, முதல் இடத்துக்காகச் சிகாகோவிடம் நான்கு வாய்ப்புகளையும் டி.ஜே. மூர் என்ற நல்ல ரிசீவரையும் கொடுத்து பிரைஸ் யங்கை எடுத்தது. அந்த ஆண்டு 17-ல் இரண்டு வெற்றி. பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் பாதியிலேயே போனார். பொது மேலாளர் ஸ்காட் ஃபிட்டரர் 2024 ஜனவரியில். மட்டமாக ஆடியதற்குப் பரிசாக வந்த 2024-ன் முதல் இடம் கரோலைனாவுக்கு இல்லை, சிகாகோவுக்கு. அதில் அது கேலப் வில்லியம்ஸை எடுத்தது.

தோற்றவர்களுக்கு வேலை போவது புரிகிறது. மஹோம்ஸுக்காக அந்தப் பேரத்தை முடித்த சீஃப்ஸ் பொது மேலாளர் ஜான் டார்சியை அணி 2017 ஜூனில் வீட்டுக்கு அனுப்பியது. டிராஃப்ட் முடிந்து இரண்டே மாதம். மஹோம்ஸ் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. 2020 பிப்ரவரியில் அணி கோப்பையைத் தூக்கியபோது டார்சியின் நாற்காலியில் இருந்தவர் பிரெட் வீச்.