கூடின ஒட்சிசன், குறைஞ்ச ஆழம்

நைட்ரொக்ஸ் பழகப்போறன் எண்டதும் சிநேகிதர் கேட்ட முதல் கேள்வி: "அப்ப இனி ஹேர்மிஸ் கப்பலுக்கு இறங்கலாம் என்ன?"

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. மட்டக்களப்புக் கடலில் 50 மீட்டருக்கும் கூடின ஆழத்தில் கிடக்கிறது. வழமையான நைட்ரொக்ஸ் சிலிண்டரோட அங்க இறங்கினால் வலிப்பு வந்து சாகலாம். கூடின ஒட்சிசன் எண்டால் கூடின ஆழம் எண்டுதான் நானும் நினைச்சுக்கொண்டு வகுப்புக்குப் போனனான். கணக்கு நேர்மாறு.

நாங்கள் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் 21 வீதம், மிச்சம் பெரும்பாலும் நைதரசன். ஆழம் கூடக் கூட நைதரசன் உடம்புக்குள் கரையும். கனநேரம் கீழே இருந்திட்டு கெதியா மேலே வந்தால் சோடாப் போத்தல் திறந்த மாதிரிக் குமிழியாகும். மூட்டு உளைவில் தொடங்கி, கால் வழங்காமல் போகும் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். நைட்ரொக்ஸில் ஒட்சிசனை 32 அல்லது 36 வீதமாகக் கூட்டி நைதரசனைக் குறைக்கிறார்கள். 32 வீதத்தோட 18 மீட்டரில் நிண்டால், நைதரசனைப் பொறுத்தவரை காற்றோட 14 மீட்டரில் நிண்ட கணக்கு. ஒரு நாளில் ரெண்டு மூண்டு தரம் இறங்கிறவைக்கு அது சின்ன லாபம் இல்லை.

நட்டம் ஒட்சிசன் பக்கம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அமுக்கம் ஒரு பார் கூடும். ஒட்சிசனுக்குரிய அமுக்கம் 1.4 பாரைத் தாண்டக்கூடாது எண்டது பொது விதி. 32 வீதத்துக்கு அந்த எல்லை ஏறக்குறைய 33 மீட்டர், 36க்கு 28 மீட்டர். 50 மீட்டரில் 32 வீதம் 1.92 பார் ஆகிவிடும். வலிப்பு முன்னறிவிப்பு இல்லாமலும் வரும். வாயில் இருக்கிற ரெகுலேற்றர் கழண்டால் மிச்சம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே வகுப்பில் உண்மையில் படிப்பிக்கிறது ஒரு பழக்கத்தை. சிலிண்டரை நிரப்பினவர் என்ன சொன்னாலும், இறங்கப்போறவர் தன்ர கையால அளந்து பார்க்க வேணும். அளக்கிற மெசினை முதலில் வெறுங்காற்றில் 20.9க்கு வைச்சு, பிறகு சிலிண்டர் வால்வைக் கொஞ்சமாத் திறந்து, இலக்கம் ஒரு இடத்தில நிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்கிறது. வந்த வீதம், அதுக்குரிய ஆகக்கூடின ஆழம், திகதி, பெயர் எல்லாம் ரேப்பில் எழுதி ஒட்டி, கையிலே கட்டுற கொம்பியூட்டரிலும் அதே இலக்கத்தைப் போட வேணும். எனக்கு 31.6 வந்தது. வேற ஒராளின்ர எண்ணை நம்பி இறங்காதே எண்டதைப் போல பிரயோசனமான பாடம் பள்ளிக்கூடத்திலயும் எனக்குக் கிடைக்கேல்லை.

"களைப்பே வராது" எண்டு சொல்லி விக்கிறது வேற கதை. அது ஆய்வுகளில் உறுதியாகவில்லை. லீவுக்கு வந்து புறாத்தீவில் 10, 12 மீட்டரில் மீன் பார்க்கிறவைக்கு நைட்ரொக்ஸ் பெரிசாத் தேவையும் இல்லை. அவையின்ர சிலிண்டர் தான் முதல் முடியும்.

எனக்குக் கோபம் வாறது இங்கதான். வகுப்பு முழுக்க இங்கிலீஷ். புத்தகம், அட்டவணை, கடைசிப் பரீட்சை எல்லாம். எங்கட கடலில் மற்ற எல்லாரையும் விட அதிகமா நைதரசன் ஏத்துறது கடலட்டையும் சங்கும் எடுக்கிற சுழியோடிகள். சிலிண்டரை மாத்தி மாத்தி ஒரே நாளில் பல தரம் இறங்கிறவை. எங்கட ஒழுங்கையில் அப்பிடி ஒரு அண்ணை இருக்கிறார். தோள்மூட்டு உளைவை 'வாயு' எண்டு சொல்லி வருசக்கணக்கா எண்ணெய் பூசுறார். ஒரு வகையில அவர் சொல்லுறதும் சரிதான், வாயுதான் அது.

அவைக்கு நாளைக்கே நைட்ரொக்ஸ் குடுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. ஒட்சிசனைக் கையாளுற நிரப்புமிடத்துக்குக் காசு வேணும், கவனம் பிழைச்சால் தீப்பிடிக்கும். கரையோரத்து அட்டை குறையக் குறைய ஆழம் போறவைக்கு அது ஆபத்தும் கூட. ஆனால் ஆழம், நேரம், இடையில ஆறுற நேரம் எண்ட கணக்கைத் தமிழில் ஒரு தாளில் குடுக்க என்ன செலவு? சுழியோடச் சொல்லிக் குடுக்கிற இடங்களும் மீன்பிடிச் சங்கங்களும் சேர்ந்தால் ஒரு பின்னேரத்து வேலை. "பாதுகாப்பாக இறங்கப் பழக்கினால் அட்டையை இன்னும் அள்ளுவினம்" எண்டு ஒரு சூழலியல் நண்பர் சொன்னார். அட்டையைக் காப்பாற்ற அனுமதிப்பத்திரமும் கட்டுப்பாடும் இருக்கு. ஆக்கள் முடமாகித்தான் அட்டை தப்பவேணும் எண்டால், அந்தச் சூழலியல் எனக்கு வேண்டாம்.

தாளை நானே எழுதத் தொடங்கினன். பள்ளிக்கூடத்தில படிச்ச 'பகுதியமுக்கம்' எண்ட சொல்லைப் போட்டு அந்த அண்ணையிட்டக் காட்டினன். "அமுக்கம் விளங்குது, பகுதி எண்டா?" எண்டார். மொத்த அமுக்கத்தில ஒட்சிசனுக்கு எவ்வளவு, நைதரசனுக்கு எவ்வளவு எண்டு பிரிக்கிறது எண்டு சொன்னன். கொஞ்சநேரம் யோசிச்சார்.

"போட்டுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு எண்டு பிரிக்கிறம் எல்லே? பங்கு எண்டு போடன் தங்கச்சி."

அப்பிடியே மாத்திப்போட்டன்.